லிவர் மாத்துன பிறகு கேன்சர் திரும்புமான்னு டெஸ்ட் பண்ணி சொல்லிட முடியுமா?

தம்பி, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். நெல்லிக்குப்பத்துல இருக்கற உங்க சித்தப்பாவுக்கு லிவர் சிரோசிஸ், அதுலயே கேன்சர் கட்டி, நாலு மாசத்துக்கு முன்னாடி சென்னைல லிவர் மாத்தியிருக்காங்க, இப்ப கடைத்தெரு வரைக்கும் நடந்து போயிட்டு வர்றாரு. சொந்தக்காரர் ஒருத்தர் வந்து, ஜீன், டிஎன்ஏ எல்லாம் பாக்கற மாலிக்குலர் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ரத்தம் குடுத்தா கேன்சர் திரும்ப வருமா வராதான்னு சொல்லிடுவாங்க, அறுபதாயிரம் ஆகும்னு கொளுத்திப் போட்டுட்டுப் போயிட்டாரு, சித்தி நகைய வச்சாவது பண்ணிடலாங்கறாங்க, பண்ணலாமா வேணாமா, இதான கேள்வி. கூடவே ரிப்போர்ட்ல இருந்து நாலு வரி போட்டிருக்கீங்க: ஆரம்பத்துல ஏஎஃப்பி (ரத்தத்துல பாக்கற ஒரு புரதம்) 180, டேஸ் (கட்டிக்குப் போற ரத்தக்குழாய்ல மருந்த விட்டு அடைக்கறது) பண்ண பிறகு ஆபரேஷனுக்கு முன்னாடி கடைசியா எடுத்தது 34, வெளிய எடுத்த லிவர்ல உயிரோட இருந்த கட்டி ரெண்டு, அதுல பெருசு 2.2 சென்டிமீட்டர், மைக்ரோவாஸ்குலர் இன்வேஷன் (சின்ன ரத்தக்குழாய்க்குள்ள கேன்சர் செல்லு பூந்தது) இருக்கு.

மொதல்லயே சொல்லிடறேன், நான் ஆபரேஷன் பண்ற டாக்டர் இல்ல. பாண்டிச்சேரில பேத்தாலஜி லேப்ல பாதி ஆயுசக் கழிச்சவன், லிவர வெட்டி மைக்ரோஸ்கோப்ல பாத்து ரிப்போர்ட் எழுதறதுதான் என் பொழப்பு. நகைய வைக்க வேணாம். நீங்க எழுதுன அந்த நாலு வரிக்கு இன்னிக்கு தேதில அந்த அறுபதாயிரம் ரூபா டெஸ்ட்ட விட மதிப்பு ஜாஸ்தி, ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

கேன்சருக்கு லிவர் மாத்தறது ஆரம்ப காலத்துல பெரிய தோல்வி. பெரிய பெரிய கட்டி இருக்கறவங்களுக்கெல்லாம் மாத்துனாங்க, ஒண்ணு ரெண்டு வருஷத்துல புது லிவர்லயும் நுரையீரல்லயும் வந்து நின்னுச்சு. 1996ல இத்தாலில மிலான்ல மாஜாஃபெரோன்னு ஒரு சர்ஜன், 48 பேர வச்சு ஒரு கணக்கு போட்டாரு. ஒரே கட்டின்னா 5 சென்டிமீட்டருக்குள்ள, இல்லாட்டி மூணு கட்டி வரைக்கும், ஒவ்வொண்ணும் 3 சென்டிமீட்டருக்குள்ள, பெரிய ரத்தக்குழாய்க்குள்ள போயிருக்கக் கூடாது, லிவர தாண்டியிருக்கக் கூடாது. அப்படி பொறுக்கி எடுத்து மாத்துனதுல 4 வருஷம் கழிச்சு 75 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. அதான் மிலான் கிரைட்டீரியா, இன்னி வரைக்கும் உலகம் பூரா அதுதான் அடிப்படை. உங்க சித்தப்பாவுக்கும் லிஸ்ட்ல பேர் போடறதுக்கு முன்னாடி இதத்தான் பாத்திருப்பாங்க.

ஆனா மிலான் பாக்கறது சைஸும் எண்ணிக்கையும் மட்டும். பண்ருட்டில பலா ஏலம் எடுக்கறவங்க சைஸ பாத்தா விலை சொல்றாங்க? தட்டிப் பாப்பாங்க, காம்ப பாப்பாங்க, மோந்து பாப்பாங்க. ஒரே சைஸ் பழம் ரெண்டு, ஒண்ணு தேன் மாதிரி இருக்கும், ஒண்ணு உள்ள அழுகிக் கெடக்கும். கட்டியும் அப்படித்தான், 2 சென்டிமீட்டர்லயே ரத்தத்துல இறங்கி ஊர் சுத்தப் போற கட்டி உண்டு, 6 சென்டிமீட்டர் வளந்தும் இருந்த எடத்துலயே சாதுவா உக்காந்திருக்கற கட்டியும் உண்டு. அதனாலதான் மிலான்குள்ள இருந்தவங்களுக்கும் நூத்துக்கு பத்து பதினஞ்சு பேருக்கு திரும்ப வருது, வந்தா பெரும்பாலும் மொத ரெண்டு வருஷத்துல வருது. பயோமார்க்கர்னு சொல்றாங்களே, அது இந்த தட்டிப் பாக்கறதும் மோந்து பாக்கறதும்தான்.

லிவரயே மொத்தமா எடுத்துட்டு வேற லிவர் வச்சாச்சே, அப்புறம் எங்கருந்து திரும்ப வருதுன்னு சித்தி கேட்டதா எழுதியிருந்தீங்க. ரொம்ப சரியான கேள்வி, இது புரிஞ்சா மீதி எல்லாம் புரிஞ்சிடும். கட்டிய மட்டும் வெட்டி எடுத்துட்டு மீதி சிரோசிஸ் லிவர உள்ளயே விட்டா கேன்சர் ரெண்டு வழில வரும். ஒண்ணு, பழைய கட்டிலேருந்து ஏற்கனவே சிதறுன விதை முளைக்கறது. இன்னொண்ணு, அந்த கெட்டுப்போன மண்ணுலயே புதுசா வேற கட்டி கெளம்பறது, கோரை புடிச்ச வயல்ல மேல எவ்வளவு புடுங்குனாலும் கிழங்கு உள்ள இருக்கற மாதிரி. லிவர மாத்துனா மண்ணையே அள்ளிப் போட்டு மாத்தியாச்சு, அந்த ரெண்டாவது வழி அடைபட்டுப் போச்சு. மிச்சம் இருக்கறது மொத வழி மட்டும், அதாவது ஆபரேஷனுக்கு முன்னாடியோ ஆபரேஷன் நடக்கும்போதோ ரத்தத்துல தப்பிச்சுப் போன செல்லு எங்கயாவது எலும்புலயோ நுரையீரல்லயோ ஒளிஞ்சிருந்து, உடம்பு புது லிவர ஏத்துக்காம போறது, அதான் ரிஜெக்ஷன், அது ஆகாம இருக்க நோய் எதிர்ப்ப குறைக்கற மாத்திரை போடறோம்ல, அந்த நேரம் பாத்து வளர்றது.

இத ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா, மார்க்கெட்ல இருக்கற நெறய மாலிக்குலர் டெஸ்ட் கட்டிய வெட்டி எடுத்தவங்க கிட்ட கண்டுபிடிச்சது. 2008ல ஹோஷிடான்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிகளும் 186 ஜீன் வச்சு ஒரு சிக்னேச்சர், அதாவது ஜீன்கள சேத்துப் பாத்து ரிஸ்க் சொல்ற கணக்கு, போட்டாங்க, பிரமாதமான வேலை, ஆனா அவங்களுக்கு சேதி சொன்னது கட்டி இல்ல, கட்டிய சுத்தி இருந்த சிரோசிஸ் லிவர். அதாவது அது மண்ண பாத்து சொல்ற ஜோசியம். உங்க சித்தப்பாவோட மண்ணுதான் பக்கெட்ல போய் லேபுக்கு வந்துடுச்சே! அதனால எந்த டெஸ்ட்ட யார் சொன்னாலும் மொத கேள்வி, இது லிவர் மாத்துனவங்க கிட்ட பாத்து சரின்னு காட்டுனதா, இல்ல கட்டிய வெட்டுனவங்க கிட்டயா? இந்த ஒரு கேள்விலயே பாதி டெஸ்ட் கழண்டுடும்.

சரி, ஏஎஃப்பிக்கு வருவோம். ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன், குழந்தை வயித்துல இருக்கும்போது அதோட லிவர் செய்யற புரதம், பொறந்த பிறகு நின்னுடும். லிவர் செல்லு கேன்சரா மாறும்போது சில கட்டி அந்த குழந்தை பழக்கத்துக்கு திரும்பிடுது. 1963, 64லயே ரஷ்யாக்காரங்க கண்டுபிடிச்சது, அறுபது வருஷ பழசு, அதனால யாருக்கும் இதுல கவர்ச்சி இல்ல. லிவர் கேன்சர் இருக்கறவங்கள்ல நூத்துக்கு முப்பது நாப்பது பேருக்கு இது ஏறவே ஏறாது, அதுவும் உண்மை. ஆனா ஏறுறவங்களுக்கு இத விட நல்ல வேவுகாரன் கிடையாது. 2012ல பிரான்ஸ்காரங்க கட்டியோட சைஸ், எண்ணிக்கையோட ஏஎஃப்பியயும் சேத்து மார்க் போட்டாங்க, 100க்கு மேல போனா 2 மார்க், 1000க்கு மேல 3 மார்க், கூட்டி 2க்கு மேல வந்தா ரிஸ்க்குன்னு. அமெரிக்கால 1000 தாண்டுனவங்க அத சிகிச்சை பண்ணி 500க்கு கீழ எறக்கிட்டு வந்தாதான் கேன்சருக்குன்னு குடுக்கற முன்னுரிமை பாயிண்ட் கிடைக்கும்.

இதுல எல்லாரும் கோட்ட விடறது என்னன்னா, ஒத்த நம்பர வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது, அது எந்தப் பக்கம் போகுதுங்கறதுதான் விஷயம். உங்க சித்தப்பாவுக்கு 180 இருந்தது டேஸ் பண்ணதுக்கப்புறம் 34க்கு வந்திருக்கு. இது நல்ல சேதி, கட்டி மருந்துக்கு கட்டுப்படுதுன்னு அர்த்தம். ஆபரேஷனுக்கு அப்புறமும் ஒரு கணக்கு இருக்கு, ஏஎஃப்பி ரத்தத்துல சுமார் அஞ்சு நாளைக்கு ஒரு தடவ பாதியாகும், 34 இருந்தா அஞ்சு நாள்ல 17, பத்து நாள்ல 8, பதினஞ்சு நாள்ல 4 கிட்ட வரணும். அப்படி எறங்கி படுத்துடுச்சான்னு பாருங்க, டிஸ்சார்ஜ் ஃபைல்ல ஒரு மாசத்து ரிப்போர்ட் இருக்கும். எறங்காம நடுவுல எங்கயாவது நின்னுடுச்சுன்னா டாக்டர் கிட்ட அதத்தான் மொதல்ல காட்டணும்.

இன்னொண்ணு, ஒரே லேப்ல எடுங்க. ஒரு லேப் நானோகிராம்ல குடுப்பான், இன்னொருத்தன் ஐயூல குடுப்பான், 1 ஐயூ கிட்டத்தட்ட 1.2 நானோகிராம், மெஷின் மாறுனாலும் நம்பர் மாறும். மஞ்சக்குப்பத்துல ஒரு தடவ, பாண்டில ஒரு தடவ, சென்னைக்கு செக்கப் போனப்ப ஒரு தடவன்னு எடுத்துட்டு ஏறுது எறங்குதுன்னு தூக்கம் கெட்டவங்கள நெறய பாத்திருக்கேன்.

ஏஎஃப்பிலயே எல்3ன்னு ஒரு வகை இருக்கு, இத சொல்லாம விட மனசு வரல, ஏன்னா சமையல்கட்டுல இருக்கற சாமான் இது. மைசூர் பருப்பு இருக்குல்ல, செவப்பா சின்னதா, அதுல இருந்து எடுக்கற லெக்டின்னு ஒரு புரதம் குறிப்பிட்ட சர்க்கரை வால் இருக்கற ஏஎஃப்பிய மட்டும் கெட்டியா புடிச்சுக்கும். கேன்சர் செல்லு செய்யற ஏஎஃப்பில ஃப்யூகோஸ்னு ஒரு சர்க்கரை கூடுதலா ஒட்டியிருக்கும், சும்மா சிரோசிஸ்லயோ ஹெபடைடிஸ்லயோ ஏறுன ஏஎஃப்பில அவ்வளவா இருக்காது. அப்ப மொத்த ஏஎஃப்பில எத்தனை சதவீதம் பருப்புல ஒட்டுதுன்னு பாத்தா, அது வெறும் புண்ணால ஏறுனதா கட்டியால ஏறுனதான்னு ஒரு அளவுக்கு பிரிச்சு சொல்லலாம். 10 சதவீதத்துக்கு மேல போனா சந்தேகம், லிவர் மாத்தறதுக்கு முன்னாடி 15 தாண்டியிருந்தா திரும்ப வர்ற வாய்ப்பு கூடுதல்னு பாத்திருக்காங்க.

இதோட ஜோடி பிவ்கா, சில ரிப்போர்ட்ல டிசிபின்னு இருக்கும். ரத்தம் உறையறதுக்கு லிவர் புரோத்ராம்பின்னு ஒண்ணு செய்யும், அத முழுசா முடிக்க வைட்டமின் கே வேணும். கேன்சர் செல்லு அந்த கடைசி வேலைய செய்யாம அரைகுறையாவே வெளிய விடும், சாந்து பூசாத சுவரு மாதிரி. அந்த அரைகுறை சரக்குதான் பிவ்கா. இது ஏறியிருந்தா ரத்தக்குழாய்க்குள்ள பூந்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அதனால திரும்ப வர்றத ஊகிக்க ஏஎஃப்பிய விட சில நேரம் இது கெட்டி. ஜப்பான்ல கியோட்டோல சைஸ் 5, எண்ணிக்கை 10, பிவ்கா 400 வரைக்கும்னு ஒரு விதியே வச்சிருக்காங்க. எல்3யும் பிவ்காவும் ரெண்டுமே ஏறி இருந்தவங்களுக்குத்தான் மாத்துன பிறகு திரும்ப வர்றது ரொம்ப அதிகம், ஒண்ணு மட்டும் ஏறுனா அவ்வளவு பயம் இல்ல.

ஆனா பிவ்கால ஒரு கண்ணி இருக்கு. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர், கடலூர் ஓ.டி. பக்கம், லிவர் மாத்தி எட்டு மாசம், ஒரு லேப்ல பிவ்கா பாத்தா ஆயிரக்கணக்குல நிக்குது, வீட்ல ஒப்பாரி வைக்காத குறை. போன்ல கேக்கும்போது ஏஎஃப்பி எவ்வளவுன்னேன், 3ன்னாங்க. மாத்திரை டப்பாவ எடுத்து ஒவ்வொண்ணா படிங்கன்னேன், நாலாவது டப்பா அசிட்ரோம், லிவருக்குப் போற போர்ட்டல் வெயின்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருந்ததுக்காக, மேல உறையாம இருக்க குடுத்தது. அந்த மாத்திரையோட வேலையே வைட்டமின் கேய தடுக்கறதுதான், பிவ்கா ஏறாம என்ன பண்ணும். ரிப்போர்ட்ட அடிச்ச லேபும் கேக்கல, ரத்த டெஸ்ட் எழுதிக் குடுத்தவரும் சொல்லல. வார்ஃபரினுக்கும் இதே கதைதான், ரொம்ப நாள் மஞ்சக்காமாலை இருந்தாலும் ஏறும். யூனிட்டும் ரெண்டு வகை இருக்கு, 40 வரைக்கும் நார்மல்னு ஒரு லேப் போடும், இன்னொரு யூனிட்ல 7.5ஏ ஆபத்து கோடு, ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்து பயந்துக்காதீங்க.

இப்ப நான் வேலை செஞ்ச எடத்துக்கு வர்றேன், எக்ஸ்பிளான்ட். மாத்தும்போது எடுத்த பழைய லிவர் ஃபார்மலின் பக்கெட்ல ஊறி லேபுக்கு வரும். கையில எடுத்தா பாகக்கா மேல கை வச்ச மாதிரி முண்டும் முடிச்சுமா இருக்கும், அதான் சிரோசிஸ். நீளமான கத்திய வச்சு அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் கனத்துல பிரெட் மாதிரி துண்டு போட்டு ட்ரேல வரிசையா அடுக்குவோம். டேஸ் பண்ண கட்டின்னா நடுவுல சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போய் செத்துக் கெடக்கும், ஓரத்துல மட்டும் பிறை நிலா மாதிரி பசுமஞ்சளா ஒரு வளையம் உயிரோட இருக்கும், பித்தம் ஊறுனதால அந்த கலரு. அந்த உயிரோட இருக்கற பாகத்த மட்டும்தான் ஸ்கேல் வச்சு அளக்கணும். அப்புறம் கட்டி ஓரத்துலேருந்து சின்ன துண்டு எடுத்து மெழுகுல புதைச்சு பிளாக் பண்ணி, முடிய விட பல மடங்கு மெல்லிசா சீவி, கலர் போட்டு லென்ஸ்ல பாப்போம். ரத்தக்குழாய்க்குள்ள, நொய் அரிசி பொட்டலம் மாதிரி கேன்சர் செல்லு கும்பலா மாட்டியிருந்தா அதான் மைக்ரோவாஸ்குலர் இன்வேஷன். எந்த சிடி, எம்ஆர்ஐயும் இத நேரா காட்டாது, லிவர வெளிய எடுத்த பிறகுதான் தெரியும். தொழில் ரகசியம் ஒண்ணு, ஓரத்துல ரெண்டு பிளாக் எடுத்து பாத்தவனுக்கு இல்லன்னு தெரியறது ஏழு எட்டு பிளாக் எடுத்தவனுக்கு இருக்குன்னு தெரியும், இல்லன்னு போட்டிருந்தா எத்தனை பிளாக் பாத்தாங்கன்னு கேக்கலாம், தப்பில்ல. உங்களுக்கு இருக்குன்னே போட்டிருக்காங்க, பாத்தவரு ஒழுங்கா பாத்திருக்காரு.

ஏஎஃப்பி, மைக்ரோவாஸ்குலர் இன்வேஷன், உயிரோட இருந்த கட்டியோட அளவு, இந்த மூணையும் சேத்து கணக்கு போடறதுதான் ரிட்ரீட் ஸ்கோர், 2017ல அமெரிக்கால 1,061 பேர வச்சு போட்டது. உங்க சித்தப்பாவுக்கு நானே போடறேன், கூட வாங்க. ஆபரேஷனுக்கு முந்துன கடைசி ஏஎஃப்பி 34, 21லேருந்து 99க்குள்ள இருந்தா 1 மார்க். மைக்ரோவாஸ்குலர் இன்வேஷன் இருந்தா 2. உயிரோட இருந்த பெரிய கட்டியோட சைஸும் எண்ணிக்கையும் கூட்டு, 2.2ம் 2ம் 4.2, 5க்கு கீழ, அதுக்கு 1. மொத்தம் 4. பழைய 180 அப்படியே இருந்திருந்தா 5 ஆகியிருக்கும், டேஸ் பண்ணது வீண் போகல பாருங்க.

4ன்னா என்ன? அந்த மொத கூட்டத்துல ஸ்கோர் 0 வாங்குனவங்களுக்கு 5 வருஷத்துல நூத்துக்கு மூணு பேருக்கும் கம்மி, 5ம் அதுக்கு மேலயும் வாங்குனவங்களுக்கு 75 பேருக்கும் மேல திரும்ப வந்துச்சு. பயந்துடாதீங்க, அப்புறம் அமெரிக்கா முழுக்க இருந்த கணக்க எடுத்து 3 வருஷத்துக்கு பாத்தப்ப அதே 0க்கு 1.6 சதவீதம், அதே 5க்கு மேல 29 சதவீதம்தான் வந்துச்சு. ஒரே ஸ்கோரு, ஆளும் வருஷமும் மாறுனா இவ்வளவு வித்தியாசம். அதனால உங்க சித்தப்பாவுக்கு இத்தனை சதவீதம்னு நான் ஒரு நம்பர் சொல்லப் போறதில்ல, சொல்றவன நம்பாதீங்க. நடுவுக்கு மேல, கவனமா பாத்துக்க வேண்டிய எடத்துல இருக்காரு, அதான் 4க்கு அர்த்தம்.

இனிமே நெஜமான மாலிக்குலர் சமாச்சாரம். கட்டிய வச்சு பண்றது, ரத்தத்த வச்சு பண்றதுன்னு ரெண்டு.

கட்டில மொதல்ல பெருசா பேசப்பட்டது பிட்ஸ்பர்க்ல பண்ண வேலை. நமக்கு ஒவ்வொரு ஜீனும் அப்பா கிட்டேருந்து ஒண்ணு அம்மா கிட்டேருந்து ஒண்ணுன்னு ரெண்டு காப்பி இருக்கும், கட்டி முத்த முத்த கேன்சர தடுக்கற ஜீன் இருக்கற எடத்துல ஒரு காப்பி தொலைஞ்சு போகும். ஒன்பது எடத்த பாத்து அதுல எத்தனை எடத்துல தொலைஞ்சிருக்குன்னு எண்ணுனாங்க, நெறய தொலைச்ச கட்டி திரும்ப வந்துச்சு, கம்மியா தொலைச்சது சைஸ் பெருசா இருந்தும் வரல. இதுதான் லிவர் மாத்துனவங்க கிட்டயே பாத்த டெஸ்ட், எனக்கு இது மேல தனி மரியாதை உண்டு, ஆனா எல்லா ஊர்லயும் தினசரி பண்ற அளவுக்கு வளரல. அப்புறம் 5 ஜீன், 20 ஜீன்னு சிக்னேச்சர் வந்துக்கிட்டே இருக்கு, ஒரு ஊர்ல வேலை செஞ்சது அடுத்த ஊர் பேஷண்ட் கிட்ட பாதி பலம் ஆயிடுது.

டெர்ட் ப்ரமோட்டர், டிபி53, பீட்டா கேட்டனின்னு ஜீன் பேரெல்லாம் அந்த டெஸ்ட் நோட்டீஸ்ல பாத்திருப்பீங்க. டெர்ட் மாற்றம் பாதிக்கு மேல லிவர் கேன்சர்ல இருக்கும், எல்லார் கிட்டயும் இருக்கறத வச்சு யார் தப்பு பண்ணுவான்னு எப்படி கண்டுபிடிக்கறது. டிபி53ல 249ன்னு ஒரு எடம் இருக்கு, அது நம்ம ஊருக்கு சம்பந்தப்பட்டது. விருத்தாசலம் பக்கம் மல்லாட்டைய, அதான் வேர்க்கடலைய, மழைல நனைஞ்சபடியே மூட்டை கட்டி வச்சா பூஞ்சை புடிக்கும்ல, அந்த பூஞ்சை விடற அஃப்ளாடாக்சின் சரியா அந்த எடத்துலதான் ஜீன கடிக்கும், 1991லயே சீனாலயும் தென் ஆப்பிரிக்காலயும் கண்டுபிடிச்சாங்க. அது கேன்சர் எதனால வந்துச்சுன்னு சொல்ற கைரேகை, திரும்ப வருமான்னு சொல்ற ஜாதகம் இல்ல. பூஞ்சை புடிச்ச மல்லாட்டைய தூக்கிப் போடுங்க, அதுக்கு டெஸ்ட் தேவையில்ல.

நான் கேட்டு வாங்குங்கன்னு சொல்றது ஒண்ணே ஒண்ணு, சிகே19. இதுக்கு ரத்தம் வேணாம், புது ஊசி வேணாம், லேப்ல இருக்கற அதே மெழுகு பிளாக்ல இன்னொரு சீவல் எடுத்து ஒரு கலர் போட்டா போதும், இப்படி கலர் போட்டு பாக்கறத ஐஎச்சிம்பாங்க, செலவும் சாதாரண ஐஎச்சி செலவுதான். பித்தக்குழாய் செல்லுல இருக்க வேண்டிய புரதம் இது, கேன்சர் செல்லுல நூத்துக்கு அஞ்சுக்கு மேல இது புடிச்சுதுன்னா அந்த கட்டி கொஞ்சம் முரட்டு ஜாதி, பரவற குணம் ஜாஸ்தி. ஏற்கனவே பண்ணியிருக்கவும் செய்யலாம், ரிப்போர்ட் கடைசி பக்கத்துல பாருங்க.

ரத்தத்துல பண்ற டெஸ்ட்தான் உங்க சொந்தக்காரர் சொன்னது. மைக்ரோ ஆர்என்ஏன்னு ஒரு கூட்டம் இருக்கு, அதுல 122ன்னு நம்பர் போட்டது லிவர்ல மட்டும் கொட்டிக் கெடக்கும். பிரச்சினை என்னன்னா புது லிவர்ல லேசா ரிஜெக்ஷன் வந்தாலும் அது ரத்தத்துல ஏறும், மாத்துனவங்க கிட்ட அத வச்சு கேன்சர்னு சொல்றது கஷ்டம். ரத்தம் எடுக்கும்போது ஊசில இழுத்து அடிச்சு செவப்பணு ஒடஞ்சாலும் வேற மைக்ரோ ஆர்என்ஏ வந்து கலந்து கணக்க கெடுக்கும்.

இன்னொண்ணு கட்டி டிஎன்ஏ, ரத்தத்துல மிதக்கற துண்டு துண்டு டிஎன்ஏ. செல்லு சாகும்போது அதோட டிஎன்ஏ சுமார் 167 எழுத்து நீளத்துல துண்டாகி ரத்தத்துல வரும், கொஞ்ச மணி நேரத்துல அழிஞ்சும் போயிடும், அதனால இன்னிக்கு இருந்தா இன்னிக்கு கட்டி இருக்குன்னு அர்த்தம், இதுதான் இதோட பலம். எதிர்காலம் இதுலதான் இருக்குன்னு நானும் நம்பறேன். ஆனா லிவர் மாத்துனவர் ரத்தத்துல ரெண்டு பேர் டிஎன்ஏ மிதக்கும், அவரோடதும் லிவர் குடுத்தவரோடதும். குடுத்தவர் டிஎன்ஏ திடீர்னு ஏறுனா அது புது லிவர் அடி வாங்குதுன்னு சேதி, அதுக்குன்னே தனி டெஸ்ட் இருக்கு, அது வேற இது வேற, ரெண்டையும் ஒண்ணா சொல்லி விக்கறவங்களும் உண்டு. வயசானா ரத்த செல்லுலயே சில மியூட்டேஷன் சும்மா வந்து உக்காந்திருக்கும், கேன்சர் இல்லாமலே டிபி53 தெரியும். இதெல்லாம் பிரிக்கணும்னா மொதல்ல பழைய கட்டிய படிச்சு அதுல என்னென்ன மாற்றம் இருக்குன்னு பட்டியல் எடுத்துட்டு, அதே மாற்றத்த மட்டும் ரத்தத்துல தேடணும். கட்டிய பாக்காம சும்மா ரத்தத்த மட்டும் வாங்கி சொல்றேங்கறது ஃபோட்டோ இல்லாம ஆள தேடற கதை. உங்க சொந்தக்காரர் கிட்ட கேளுங்க, அந்த லேப் பிளாக் கேட்டுச்சா?

இப்ப முக்கியமான கேள்வி, பாசிட்டிவ்னு வந்தா என்ன பண்ணுவீங்க? திரும்ப வராம தடுக்கறதுக்குன்னு முன்கூட்டியே குடுக்கற கீமோவோ மாத்திரையோ, லிவர் மாத்துனவங்களுக்கு பலன் இருக்குன்னு நிரூபிச்சது இல்ல. இம்யூனோதெரபி இப்ப லிவர் கேன்சருக்கு நல்லா வேலை செய்யுது, ஆனா அது நோய் எதிர்ப்ப தட்டி எழுப்பற மருந்து, எழுந்தா மொதல்ல புது லிவரத்தான் கடிக்கும். டாக்டர் செய்யக் கூடியது ரிஜெக்ஷன தடுக்கற டாக்ரோலிமஸ் மாத்திரையோட அளவ எவ்வளவு கம்மியா வைக்க முடியுமோ அவ்வளவு கம்மியா வைக்கறது, இல்ல அதே வேலைக்கு இருக்கற சிரோலிமஸ், எவரோலிமஸ் பக்கம் மாத்தறது. அதுக்கும் 2016ல சில்வர்னு ஒரு பெரிய டிரையல் முடிவு வந்துச்சு, சிரோலிமஸ் போட்டவங்களுக்கு மொத மூணு அஞ்சு வருஷம் கொஞ்சம் நல்லா இருந்துச்சு, அதுக்கப்புறம் வித்தியாசம் இல்ல, அதுவும் ரிஸ்க் கம்மியா இருந்தவங்களுக்குத்தான் பலன் தெளிவா தெரிஞ்சுது, வேடிக்கைய பாருங்க. இந்த முடிவெல்லாம் எடுக்க ரிட்ரீட் 4ங்கறதே போதும், அறுபதாயிரம் குடுத்து மேல ஒரு பாசிட்டிவ் வந்தாலும் இதே பேச்சுதான். நெகட்டிவ்னு வந்தாலும் ஸ்கேன விடப் போறதில்ல. சித்தி ராத்திரி தூங்காம இருக்கறதுதான் மிச்சம்.

அந்த காசு எதுக்கு ஆகும்னா ஸ்கேனுக்கு ஆகும். 4 வாங்குனவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வயிறும் நெஞ்சும் சேத்து சிடி, கூடவே ஏஎஃப்பி, அஞ்சு வருஷம் வரைக்கும்னு அந்த ஸ்கோர் போட்டவங்களே யோசனை சொல்லியிருக்காங்க. நெஞ்ச விட்டுடாதீங்க, வந்தா நுரையீரல்ல வர்றது சகஜம், ஒத்த முடிச்சா சீக்கிரம் புடிச்சா வெட்டி எடுத்துட்டு வருஷக்கணக்கா நல்லா இருக்கறவங்க இருக்காங்க. உங்க சென்னை டாக்டர் மூணு மாசத்துக்கு ஒரு தடவன்னா அவர் சொல்றத கேளுங்க. பிவ்காவும் கூட எடுங்க, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை போடலன்னா. கீழாநெல்லி குடுக்கலாமான்னு சித்தி கேட்டாங்களே, 1988ல சென்னைக்காரங்க அத ஹெபடைடிஸ் பிக்கு பாத்து லேன்செட்ங்கற பெரிய மருத்துவ பத்திரிகைலயே எழுதுனாங்கதான், ஆனா மத்தவங்க திரும்ப செஞ்சப்ப அப்படி வரல. டாக்ரோலிமஸ் போடற ஆளுக்கு எந்த பச்சிலையும் டாக்டர கேக்காம வேணாம், அந்த மருந்தோட அளவு சின்ன விஷயத்துக்கெல்லாம் எகிறும்.

கடைசியா ஒண்ணு, இது என் சொந்த காயம். 2011 டிசம்பர் 30 விடிகாலைல தானே புயல் நம்ம கரைல ஏறுச்சுல்ல, அப்ப நான் இருந்த லேப்ல பின்னாடி ஆராய்ச்சிக்கு ஆகும்னு கட்டி துண்டுகள மைனஸ் 80 ஃப்ரீசர்ல வச்சிருந்தோம். நாள் கணக்கா கரண்ட் இல்ல, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க நாங்க வரிசைல நின்னோம், கிடைக்கறதுக்குள்ள ஃப்ரீசர் கதவு வழியா தண்ணி சொட்ட ஆரம்பிச்சிடுச்சு, ஆர்என்ஏ எல்லாம் கஞ்சியாப் போச்சு. அதே ரூம்ல பக்கத்து அலமாரில கெடந்த மெழுகு பிளாக்குக்கு ஒண்ணும் ஆகல, ஜன்னல் உடஞ்சு மேல விழுந்த கண்ணாடிய துடைச்சுட்டு திரும்ப அடுக்குனோம். நான் மேல சொன்ன ஹோஷிடா ஆளுங்க 20 வருஷத்துக்கும் மேல பழைய மெழுகு பிளாக்லேருந்து ஜீன படிச்சாங்க, அதுதான் அந்த வேலையோட பெருமையே. நாளைக்கு நல்ல டெஸ்ட் வந்தாலும், கடவுளே வேணாம், திரும்ப வந்தாலும், அந்த பிளாக்தான் கேப்பாங்க. எல்லா எடத்துலயும் காலாகாலத்துக்கும் வச்சிருக்க மாட்டாங்க. அதனால அடுத்த தடவ சென்னை போறப்ப எக்ஸ்பிளான்ட் ரிப்போர்ட்டோட ஒரிஜினல் காப்பி வாங்குங்க, அதுல பேத்தாலஜி நம்பர் ஒண்ணு இருக்கும், வருஷமும் சாய்வு கோடும் போட்டு, கட்டி எடுத்த பிளாக் எதெதுன்னு கீழ எழுத்து வாரியா குறிச்சிருப்பாங்க. அந்த நம்பர சித்தப்பாவோட மருந்து நோட்டுல மொத பக்கத்துல எழுதி வைங்க, எத்தனை வருஷம் பத்திரமா வச்சிருப்பீங்கன்னு லேப்ல கேட்டு அதையும் பக்கத்துலயே எழுதுங்க.